ஒரே மனிதன், இரண்டு கடவுச்சீட்டுகள்: பகை நாட்டுக்குப் பயணம் போவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

சில வாரங்களுக்கு முன்னர் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தபோது பழைய மாணவன் ஒருவனின் குரல்பதிவு வந்திருந்தது. பத்தாம், பதினோராம் தரங்களில் என்னிடம் வரலாறு படித்தவன். இன்று இங்கிலாந்தில் பொறியியலாளர். பிரித்தானியப் பிரஜாவுரிமை கிடைத்து, இலங்கைப் பிரஜாவுரிமையையும் விடாமல் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து வைத்திருக்கிறான். ஏப்ரல் விடுமுறையில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு துருக்கி போய், அங்கிருந்து ஈரானுக்குள் நுழைந்து இஸ்பஹான், ஷிராஸ் எல்லாம் பார்த்துவிட்டு வர நினைத்திருக்கிறானாம்.

"சேர், ஷா அப்பாஸ் கட்டின சதுக்கத்தப் பத்தி நீங்கதானே வகுப்பில சொல்லித் தந்தீங்க. கரும்பலகையில படம் கூட கீறிக் காட்டினீங்க. இஞ்ச எல்லாரும் போக வேணாம், பிடிச்சி உள்ள போட்டுருவாங்க எண்டு பயம் காட்டுறாங்க. அது வெள்ளைக்காரன்ட கதைதானே. நாங்க முஸ்லிம்கள், அதுவும் இலங்கை ஆக்கள். எங்களுக்கு என்ன? போகலாம்தானே சேர்?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. அவன் மனதில் அந்த ஊரை விதைத்தவன் நான். "பூமியில் பயணம் செய்து பாருங்கள்" என்ற பொருளில் அல்குர்ஆன் பல இடங்களில் சொல்வதை வகுப்பில் எடுத்துச் சொன்னவனும் நான்தான். ஆனால் அவன் போவது ஷா அப்பாஸின் ஈரானுக்கு அல்ல, 2020களின் ஈரானுக்கு. கையில் இருப்பதோ ஒரு கடவுச்சீட்டு அல்ல, இரண்டு. அவனுக்கு எழுதிய பதிலை இன்னும் பலருக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே விரித்து எழுதுகிறேன்.

இரண்டு ஆசிரியர்களின் விடுமுறை

2022ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் ஈரானுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். ஒருவர் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியை, ஆசிரியர் தொழிற்சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர். மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவரது துணைவர். பயணம் முடிந்து நாடு திரும்ப இருந்த மே மாதத்தில் இருவரும் கைது செய்யப்பட்டனர். உளவு பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சில மாதங்களின் பின்னர் "ஒப்புதல் வாக்குமூலம்" என்ற பெயரில் அவர்களது காணொளி ஈரானிய அரச தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

அவர்கள் தெஹ்ரானின் எவின் சிறையில் மூன்றரை ஆண்டுகள் கழித்தார்கள். 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரான் மீது போர் தொடுத்தபோது, ஜூன் 23ஆம் திகதி அந்த எவின் சிறை மீதே குண்டு வீசியது. அங்கே கைதிகள், ஊழியர்கள், கைதிகளைப் பார்க்க வந்த உறவினர்கள் எனப் பலர் உயிரிழந்தனர். அந்த ஆசிரியர்கள் இருவரும் அப்போது உள்ளேதான் இருந்தார்கள். ஒரு நாடு சிறையில் அடைக்கிறது, அதன் பகை நாடு அந்தச் சிறைக்குக் குண்டு போடுகிறது. இரண்டுக்கும் நடுவே விடுமுறைக்கு வந்த இரண்டு ஆசிரியர்கள்!

2025 ஒக்டோபரில் அவர்களுக்கு முறையே 20, 17 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே, நவம்பர் 4ஆம் திகதி, இருவரும் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு தெஹ்ரானிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டனர். இருபது ஆண்டுத் தண்டனை சில வாரங்களில் எப்படிக் கரைந்தது? பிரான்சில் சமூக ஊடகப் பதிவுகளுக்காகக் கைதாகியிருந்த ஈரானியப் பெண் ஒருவர் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் பிணையில் விடப்பட்டிருந்தார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் விடயம் விளங்கும்.

நானும் ஓர் ஆசிரியன். விடுமுறையில் எங்காவது போனால் அங்குள்ள பாடசாலையைப் பார்க்க ஆசை வரும், அங்குள்ள ஆசிரியர்களுடன் சம்பளத்தைப் பற்றியும் பாடத்திட்டத்தைப் பற்றியும் கதைக்கத் தோன்றும். அந்தப் பேச்சை ஒரு நாட்டின் உளவுத்துறை தன் கோப்பில் எப்படி எழுதிக்கொள்ளும் என்பதை அதற்கு முன்னர் நான் யோசித்ததே இல்லை.

குற்றவாளியல்ல, பணயம்

ஈரானுக்கும் மேற்குக்கும் இடையிலான இந்தக் கணக்கு 1979 நவம்பர் 4இல் தொடங்கியது. தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றி, 52 பேரை 444 நாட்கள் பிடித்து வைத்தனர். 1980இலிருந்து இரண்டு நாடுகளுக்கும் இடையில் இராஜதந்திர உறவே இல்லை. ஈரானில் ஓர் அமெரிக்கருக்கு ஆபத்து நேர்ந்தால் சுவிட்சர்லாந்துத் தூதரகம்தான் போய் விசாரிக்க வேண்டும்.

அதன் பின்னர் முறை மாறியது. தூதரகத்தைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தனிமனிதர்களைப் பிடிப்பது வழக்கமானது. வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் தெஹ்ரான் நிருபர் ஜேசன் ரெஸையன் 2014 ஜூலையில் கைதாகி 544 நாட்கள் சிறையிலிருந்தார். 2016 ஜனவரியில் அவரும் வேறு சிலரும் விடுதலையான அதே சமயத்தில் 40 கோடி டொலர் பணமாக விமானத்தில் தெஹ்ரானுக்குப் போனது. அது மன்னர் ஷாவின் காலத்தில் ஆயுதம் வாங்க ஈரான் கொடுத்து, ஆயுதம் கிடைக்காமலே போன ஈரானின் சொந்தப் பணம். ஆனாலும் கைதிகள் வெளியேறும் வரை அந்தப் பணத்தைத் தாமதப்படுத்தி வைத்திருந்ததை அமெரிக்க அரசு பின்னர் ஒப்புக்கொண்டது. 2023 செப்டெம்பரில் ஐந்து அமெரிக்கர்கள் விடுதலையானபோது தென்கொரியாவில் முடங்கிக் கிடந்த ஈரானின் 600 கோடி டொலர் கட்டாருக்கு மாற்றப்பட்டது.

மாநாடு ஒன்றுக்குப் போன அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் 2018 செப்டெம்பரில் தெஹ்ரான் விமான நிலையத்தில் பிடிபட்டு 804 நாட்கள் சிறையிலிருந்தார். தாய்லாந்தில் தண்டனை பெற்றிருந்த ஈரானியர்கள் விடுவிக்கப்பட்டபோதுதான் அவரும் வெளியே வந்தார். 2024 டிசம்பர் 16ஆம் திகதி இத்தாலியின் மிலான் விமான நிலையத்தில் அமெரிக்காவின் வேண்டுகோளின் பேரில் ஈரானியர் ஒருவர் கைதானார். மூன்று நாட்கள் கழித்து, முறையான ஊடகவியலாளர் விசாவுடன் தெஹ்ரானிலிருந்த இத்தாலியச் செய்தியாளர் செசிலியா சாலா கைதானார். ஜனவரி 8இல் அவர் வீடு திரும்பினார். ஜனவரி 12இல் அந்த ஈரானியர் வீடு திரும்பினார்.

இந்தத் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், "அவர் என்ன செய்தார்?" என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. அவரது நாட்டிடம் என்ன இருக்கிறது, அதை எப்படி வாங்கலாம் என்பதுதான் கேள்வி. எனவே "நான் ஒரு தப்பும் செய்யமாட்டேன், எனக்கு ஒன்றும் நடக்காது" என்பது இந்த இடத்தில் செல்லாத காசு. பிடிபட்டவர்களில் பலரும் அப்படி நினைத்துத்தான் விமானம் ஏறினார்கள்.

ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு பழைய கடன்

மாணவனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது நாஸனின் ஸாகரி ரட்கிளிஃபின் கதையை. அவனைப் போலவே இரண்டு நாட்டுப் பிரஜை. ஈரானில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்தவர். 2016இல் நவ்ரூஸ் புத்தாண்டுக்குத் தாய் தந்தையரைப் பார்க்க 22 மாதக் குழந்தையுடன் போனார். ஏப்ரல் 3ஆம் திகதி திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கைதானார். குழந்தையின் பிரித்தானியக் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. குழந்தை பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்து, 2019 ஒக்டோபரில்தான் தந்தையிடம் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. தாய் வந்து சேர்ந்தது 2022 மார்ச்சில்.

அவர் செய்த குற்றம் என்ன என்பது ஆறு ஆண்டுகளாகத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஆனால் பிரித்தானியா செய்த குற்றம் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1970களில் மன்னர் ஷாவின் அரசு சுமார் 1,500 யுத்த தாங்கிகளுக்காகப் பிரித்தானியாவுக்கு முற்பணம் கொடுத்தது. அவற்றில் ஒரு சிறு பகுதியே போய்ச் சேர்ந்திருந்தபோது 1979இல் புரட்சி வந்தது. பிரித்தானியா மிகுதித் தாங்கிகளையும் கொடுக்கவில்லை, பணத்தையும் கொடுக்கவில்லை. நீதிமன்றங்கள் கொடுக்க வேண்டும் என்று சொல்லியும் நாற்பது ஆண்டுகள் இழுத்தடித்தது. 2022 மார்ச் 16இல் நாஸனின் விடுதலையானபோது சுமார் 40 கோடி பவுண் ஈரானுக்குச் செலுத்தப்பட்டிருந்தது. இரண்டு விடயங்களும் சமாந்தரமாகத் தீர்க்கப்பட்டன என்று பிரித்தானிய அரசு விளக்கம் சொன்னது.

இந்தக் கதையில் கடனைக் கொடுக்காதவன் ஒருவன், கடனை வசூலிக்கப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தவன் இன்னொருவன். இரண்டு பேருமே அந்தப் பெண்ணுக்கு அநீதி செய்தார்கள். அவர் அந்தத் தாங்கிகளை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அவர் பிறந்திருக்கவும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. 2017 நவம்பரில் அப்போதைய வெளிநாட்டமைச்சர் பொரிஸ் ஜோன்சன் பாராளுமன்றக் குழுவொன்றில், அவர் அங்கே ஆட்களுக்கு ஊடகவியல் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று தவறாகச் சொல்லிவிட்டார். சில நாட்களிலேயே அவர் மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டு, அமைச்சரின் அந்த வார்த்தையே அவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்டது. பகை நாட்டில் நாம் சிக்கிக்கொண்டால் நமது வாயை மட்டும் காத்தால் போதாது. நம்மைக் காப்பாற்ற வருகிறவரின் வாயும் நம்மைக் கெடுக்கலாம்.

நண்பனும் பகைவனும் ஒரே உடம்பில்

இனி அவனது வாதத்துக்கு வருவோம். "நாங்கள் இலங்கை ஆட்கள், முஸ்லிம்கள். எங்களுக்கு என்ன?"

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஈரான் இலங்கைக்குப் பகை நாடு அல்ல. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனைத் தேயிலை கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தோம். 2024 ஏப்ரலில் அன்றைய ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரயீஸி நேரில் வந்து உமா ஓயா திட்டத்தைத் திறந்து வைத்தார். தெஹ்ரானில் எமக்குத் தூதரகம் இருக்கிறது. கொழும்பில் அவர்களுக்கு இருக்கிறது. இலங்கையர் ஒருவரைப் பிடித்து இலங்கையிடம் வாங்குவதற்கு ஈரானுக்கு ஒன்றுமில்லை.

கொஞ்சம் கசப்பாகச் சொன்னால், எமது கடவுச்சீட்டின் வறுமையே இந்த இடத்தில் எமக்குக் கவசம். விசாவுக்காகத் தூதரக வாசல்களில் நம்மை வெயிலில் நிறுத்தி வைக்கும் அதே நீலப் புத்தகம், பேரம் பேசுவோரின் கண்ணில் விலையற்றது. விலையற்ற பொருளை யாரும் பணயம் வைப்பதில்லை.

ஆனால் அவன் இலங்கையன் மட்டுமா? குடிவரவு மேசையில் நீலக் கடவுச்சீட்டை எந்த நாட்டுக்காரனாக நீட்டினாலும், அவனது கைத்தொலைபேசியில் இங்கிலாந்து இலக்கம். அவனது சம்பளம் இங்கிலாந்து நிறுவனத்தில். மகள் பிறந்தது இங்கிலாந்தில். ஒரு பிரித்தானியக் கடவுச்சீட்டோ பிரித்தானியாவுடனான தொடர்போ கூடக் கைதாவதற்குப் போதுமான காரணமாகலாம் என்று அந்த நாட்டின் பயண ஆலோசனையே தன் மக்களுக்குச் சொல்லி, ஈரானுக்கான எல்லாப் பயணத்தையும் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறது. உலகைச் சுற்றிவர மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட பிரித்தானியத் தம்பதி ஒன்று 2025 ஜனவரியில் ஈரானில் கைதாகி உளவுக் குற்றச்சாட்டுக்கு உள்ளானதை அவன் அறிந்திருக்க வேண்டும்.

எனவே ஒரு கடவுச்சீட்டில் அவன் விருந்தாளி, மற்றக் கடவுச்சீட்டில் அவன் பண்டம். எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பதை அவன் தீர்மானிக்கப் போவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தீர்மானிப்பார்.

முஸ்லிம் என்பதும் இங்கே பெரிய பாதுகாப்பு அல்ல. ஈரானில் இப்படிச் சிறைப்பட்ட இரட்டைப் பிரஜைகளில் அநேகர் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்களே. அரசுகள் சிறைக்கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் கலிமாவைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

"தூதரகம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரை, வெளிநாட்டவர் ஒருவர் கைதானால் அவர் விரும்பும் பட்சத்தில் தாமதமின்றி அவரது தூதரகத்துக்கு அறிவிக்கவும், தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கவும் இடமளிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பிரெஞ்சு ஆசிரியர்களின் விடயத்தில் இதே உறுப்புரை மீறப்படுகிறது என்று பிரான்ஸ் 2025 மே மாதம் சர்வதேச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. செப்டெம்பரில் வழக்கை வாபஸ் வாங்கியது. அதன் பின்னர்தான் விடுதலை வந்தது. அந்த ஆசிரியர்களின் கதவைத் திறந்தது தீர்ப்பு அல்ல, பேச்சுவார்த்தை.

இரட்டைப் பிரஜைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, ஒருவர் எந்த நாடுகளின் பிரஜையாக இருக்கிறாரோ அந்த நாடுகளில் ஒன்று மற்றதற்கு எதிராக அவருக்குப் பாதுகாப்புக் கோர முடியாது என்கிறது. ஈரான் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதே இல்லை. நாஸனின் அவர்களின் கண்ணில் ஈரானியர் மட்டுமே. மூன்றாவது நாடு ஒன்றில் இருக்கும்போதோ, அந்த நாடு அவரை ஒரே ஒரு நாட்டின் பிரஜையாகவே நடத்தலாம் என்பதும் அதே உடன்படிக்கையில் உண்டு. எனது மாணவன் இலங்கைக் கடவுச்சீட்டில் ஈரானுக்குள் நுழைந்து சிக்கினால், "இவர் இலங்கையர், நீங்கள் ஏன் வருகிறீர்கள்?" என்று பிரித்தானியாவிடம் ஈரான் கேட்கலாம். அந்த வேளை இலங்கைத் தூதரகம்தான் அவனுக்கு ஒரே துணை. கடன் கொடுக்க வேண்டிய நாட்டின் தூதரகம் எவ்வளவு உரத்துப் பேசும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நாம் யாரும் மறக்கவில்லை. 2005இல் பணிப்பெண்ணாகப் போன அந்தப் பிள்ளைக்கு 2013 ஜனவரி 9இல் சவூதி அரேபியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜனாதிபதி மட்டத்தில் வேண்டுகோள் விடுத்தும் பயனில்லை. அது பகை நாடும் அல்ல, பேரமும் அல்ல, வேறு வகை வழக்கு. ஆனாலும் ஒரு சிறிய நாட்டின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அன்று அறிந்தோம்.

ஈரான் மட்டுமா?

இப்படி எழுதினால், "ஈரானை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த நோய் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

2018 டிசம்பர் 1இல் அமெரிக்காவின் வேண்டுகோளின்படி ஹுவாவே நிறுவனத்தின் நிதித் தலைவி மெங் வான்ஜோவைக் கனடா கைது செய்தது. ஒன்பது நாட்களில் இரண்டு கனேடியர்கள் சீனாவில் கைதானார்கள். 2021 செப்டெம்பரில் மெங் வீடு திரும்பிய அதே நாளில் அந்த இருவரும் விமானம் ஏறினார்கள். ஆயிரம் நாட்களுக்கு மேல் கழிந்திருந்தன. உக்ரைன் மீதான படையெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் கஞ்சா எண்ணெய்க் குழல்களுடன் மொஸ்கோவில் பிடிபட்ட அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்குப் பதிலாக அவர் மாற்றப்பட்டார்.

அமெரிக்காவும் தப்பவில்லை. 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் பெரும்பான்மை நாட்டவருக்குத் தடை விதிக்கப்பட்டபோது, விசாவுடன் வானத்தில் பறந்துகொண்டிருந்தவர்கள் தரையிறங்கும்போது தடுக்கப்பட்டனர். 2025 மார்ச்சில் துருக்கிய மாணவி ஒருவர் காஸா தொடர்பாகப் பல்கலைக்கழகப் பத்திரிகையில் கூட்டாக எழுதிய ஒரு கட்டுரைக்காக வீதியில் வைத்துப் பிடிக்கப்பட்டு ஆறு வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டார். அவுஸ்திரேலியாவில் படிக்கப்போன எமது நாட்டு முஸ்லிம் இளைஞர் ஒருவர் 2018இல் பயங்கரவாதச் சந்தேகத்தில் கைதாகி, கடும் பாதுகாப்புச் சிறையில் வாரக்கணக்கில் அடைபட்டதும், அது உடன் பணியாற்றியவர் ஒருவர் இட்டுக்கட்டிய குறிப்பு என்று பின்னர் தெரியவந்ததும் நமக்கு நினைவிருக்கிறது.

முஸ்லிம் நாடுகள் தமக்குள்ளேயே செய்ததும் உண்டு. 2017 ஜூன் 5இல் கட்டாருடனான உறவைச் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து துண்டித்தபோது, வளைகுடா அண்டை நாடுகளிலிருந்த கட்டார் பிரஜைகளுக்கு வெளியேற 14 நாட்கள் கொடுக்கப்பட்டன. நாடு கடந்து மணம் முடித்திருந்த குடும்பங்கள் இரண்டாகின. சவூதியும் ஈரானும் உறவை முறித்த 2016இல் ஈரானிய ஹாஜிகளுக்கு ஹஜ்ஜே இல்லாமல் போனது.

நாமும் சுத்தமானவர்கள் அல்லர். கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவரை 2014இல் கட்டுநாயக்கவில் பிடித்துத் தடுத்து வைத்து நாடு கடத்தினோம். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. வித்தியாசம் இதுதான்: அந்தப் பெண்ணுக்குப் போய் முறையிட ஒரு நீதிமன்றம் இருந்தது, அது அவர் பக்கம் தீர்ப்பும் சொன்னது. ஒரு நாட்டுக்குப் போவதற்கு முன்னர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி அதுதான். அங்கே தவறு நடக்குமா என்பதல்ல, தவறு எங்கும் நடக்கும். நடந்தால் அதைத் திருத்தும் கதவு ஒன்று அங்கே இருக்கிறதா என்பதே கேள்வி.

அமானிதம்

இதை எழுதும்போது என் மனதை அதிகம் உறுத்தியது இன்னொன்று. எதிரியாகவே இருந்தாலும், அபயம் தேடி வருகிறவனுக்கு அபயமளித்து, பின்னர் அவன் பாதுகாப்பாக இருக்கும் இடத்துக்கே அவனைக் கொண்டு சேர்த்துவிடும்படி சொல்கிறது ஸூரா அத்தவ்பாவின் ஆறாவது வசனம். போர்க்கால வசனங்களுக்கு நடுவே வருகிறது இந்தக் கட்டளை. இதிலிருந்துதான் "அமான்" என்ற சட்டத்தை எமது இமாம்கள் விரித்தார்கள். அமான் பெற்று நுழைந்த பகை நாட்டு வணிகனின் உயிரும் பொருளும் முஸ்லிம்களின் பொறுப்பு என்றார்கள். இன்றைய விசா என்பது அந்த அமான் அல்லாமல் வேறென்ன?

விசா கொடுத்து உள்ளே எடுத்துவிட்டுப் பிடித்து வைப்பதை எந்த அரசு செய்தாலும் அது அமானிதத்துக்கு மோசடி. மேற்கு நாடுகள் ஈரானுக்குச் செய்த அநீதிகள் பல. பொருளாதாரத் தடையால் மருந்துக்குத் தவித்த நோயாளிகள் உண்டு. 2025இல் வீசப்பட்ட குண்டுகள் உண்டு. அவற்றை நாம் கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆனால் அந்த அநீதிக்குப் பதிலாக ஒரு குழந்தையின் தாயை ஆறு ஆண்டுகள் பிரித்து வைப்பதை நியாயப்படுத்த எமது மார்க்கத்தில் இடமில்லை. ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பாடம். "எங்கள் பக்கம்" என்பதற்காக இதில் மௌனமாக இருந்தால், நாளை எங்கள் பிள்ளை வேறொரு நாட்டில் இதே முறையில் சிக்கும்போது பேச நமக்கு வாய் இருக்காது.

போகத்தான் வேண்டுமென்றால்

பகை நாட்டுக்குப் போகவே கூடாது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. தாய் மரணப் படுக்கையில் இருக்கும்போது எந்தப் பயண ஆலோசனையும் மகளைத் தடுக்காது. செய்தியாளரும் மருத்துவரும் நிவாரணப் பணியாளரும் போகத்தான் வேண்டும். ஆனால் கடமைக்குப் போவதும் கட்டடம் பார்க்கப் போவதும் ஒன்றல்ல. போவதன் அவசியத்தையும், நேரக்கூடிய இழப்பையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். இழப்பு நேரும் வாய்ப்பு சிறிதாக இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஈரானுக்குப் போய்ச் சுகமாகத் திரும்புகிறார்கள், அந்த மக்களின் விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சிறிய வாய்ப்பு பலித்தால் போவது விடுமுறைப் பணமல்ல, ஒரு பிள்ளையின் ஐந்தாறு வருடங்கள்.

போயே ஆக வேண்டியவர்களுக்குச் சில விடயங்கள்:

எந்தக் கடவுச்சீட்டில் நுழைகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகமே உங்களுக்காகப் பேசும். அந்த நாட்டுக்கும் போகும் நாட்டுக்கும் இடையில் அந்த மாதத்தில் என்ன பிரச்சினை என்பதைப் பாருங்கள். அங்குள்ளவர் யாரேனும் உங்கள் நாட்டில் அண்மையில் கைதாகியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்த இத்தாலியச் செய்தியாளருக்குக் கிடைத்த அவகாசம் மூன்று நாட்கள்தான்.

அரசு "போகவேண்டாம்" என்று அறிவித்த நாட்டுக்குப் போனால் பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் செல்லாது. காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்தை வாசியுங்கள்.

கைத்தொலைபேசியில் இருப்பது எல்லாம் வாக்குமூலம்தான். பகிர்ந்த கேலிப்படம், நீங்கள் இருக்கும் வட்ஸ்அப் குழு, எப்போதோ எழுதிய பின்னூட்டம் எல்லாம் அதில் அடங்கும். படைமுகாம், துறைமுகம், ஆர்ப்பாட்டம் எதையும் படம் பிடிக்காதீர்கள்.

எங்கே போகிறீர்கள், எப்போது பேசுவீர்கள், பேசாவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். போர் மூண்டால் முதலில் மூடப்படுவது வான்பரப்பு. 2025 ஜூனில் அது ஒரே இரவில் நடந்தது. தரைவழியாக வெளியேறும் பாதை எது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

எமது பக்கமும் ஒரு குறை இருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படிப்புக்கும் தொழிலுக்கும் நாடு நாடாகப் போகிறார்கள். பயண முகவர்கள் விமானச் சீட்டையும் ஹோட்டலையும் சொல்கிறார்கள், அபாயத்தைச் சொல்வதில்லை. எந்த நாட்டில் என்ன நிலைமை, கைதானால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, என்ன உரிமை உண்டு என்பதை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி வைக்க வெளிநாட்டமைச்சினால் முடியாதா? பயண முகவர்களின் மேசையிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் அதை ஒட்ட நம்மால் முடியாதா? ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரைபடத்தில் நாடுகளைக் குறிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நாமும் பிள்ளைகளுக்கு அதையே கற்றுக் கொடுக்கிறோம். அந்த நாட்டுக்குள் நுழையும்போது கையில் என்ன உரிமை இருக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்கும் காலம் இது.

மாணவனுக்கு நான் எழுதிய பதில் இதைவிடச் சிறியது. "மகன், அந்தச் சதுக்கம் நானூறு வருடமாக அங்கேதான் இருக்கிறது, எங்கும் ஓடிப்போகாது. நீ தனியாக, அந்த இரண்டு நாடுகளும் சமாதானமாக இருக்கும் ஒரு காலத்தில், கட்டாயம் போய்ப் பார். இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதே. உனக்குப் படம் கீறிக் காட்டியவன் நான். அந்தப் பொறுப்பில் சொல்கிறேன்."

இரண்டு நாட்கள் பதில் வரவில்லை. மூன்றாம் நாள், துருக்கியில் கொன்யாவுக்குப் போகும் பஸ் நேரங்களைக் கேட்டு எழுதியிருந்தான். எனக்குத் தெரியாது, தேடிச் சொல்கிறேன் என்றேன்.